யார் கேட்க வேண்டிய மன்னிப்பு

அத்தியாயம் ஏழு

ஆம்ப்ரோஸ் கார்சைட்டுக்கு ஒருவனைக் கொல்ல வேண்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த ஆள் இருபது வருடங்களுக்கு முன்பே செத்துப்போயிருந்தான். ஊர் கூடி அழுது, கல் நட்டு, மலர் வளையமும் வைத்தாகிவிட்டது.

"செத்தவன் நேத்து என் மில்லுக்கு வந்திருந்தான், மிஸ் லம்ப்," என்றார் ஆம்ப்ரோஸ். "மிருக ரோமக் காலர் வச்ச கோட்டு, தங்கக் கடிகாரம், சின்னதா ஒரு தாடி. மில்லை விலை பேச வந்திருக்கானாம். நாளைக்குக் கையெழுத்து."

மில் ஆபீஸில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஹீபர்டேல் ஊர் முழுவதும் சாம்பல் நிறத் தூறல். எதிரே உட்கார்ந்திருந்த ஹெஸ்டர் லம்ப் தேநீரைக் கலக்கினாள். அறுபதை நெருங்கும் வயது, ஆண்கள் போடுவதைப் போன்ற தடித்த காலணி. பகலில் துப்பறிவாள். மாலையில், போருக்குப் பின் இங்கே மில் வேலைக்கு வந்து சேர்ந்த போலந்துக்காரர்களுக்கும் லாட்வியாக்காரர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாள். அவளுடைய உதவியாளன் வில்ஃப் பின்ஸ் கணப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இஞ்சி கேக்கை விழுங்கிக்கொண்டிருந்தான். பழைய நாடகக் கொட்டகைக் கோமாளி. கொட்டகை மூடிவிட்டது. வாய் மட்டும் இன்னும் மூடவில்லை.

"காலையில வில்ஃப்கிட்ட சொன்னதை என்கிட்டயும் சொல்லுங்க. பேரு?" என்றாள் ஹெஸ்டர்.

"இப்ப மொசியே ஃபோன்டேன். பெல்ஜியத்துல கம்பளி வியாபாரம். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதாம். எல்லாத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன். அப்ப அவன் பேரு ஜாப் ரஷ்வொர்த். என் நெசவுக்கூடத்துல மேஸ்திரி."

அந்தப் பெயரைச் சொல்லும்போது ஆம்ப்ரோஸின் கை தானாகவே தடியைத் தேடியது. தலைப்பூணில் ஈயம் ஊற்றிய கருங்காலித் தடி. தம்பி எட்வினுடையது.

அந்தத் தீ விபத்து ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். பின்பக்க நெசவுக்கூடத்தில் தீப்பிடித்தது. இரும்புக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. மூன்று பெண்கள் உள்ளேயே கருகினார்கள். அவர்களைக் காப்பாற்ற மேஸ்திரி ஜாப் ரஷ்வொர்த் நெருப்புக்குள் பாய்ந்தான், எலும்பு கூடக் கிடைக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. கதவைத் தாழிடச் சொன்னது யார் என்ற கேள்விக்கு, கூடத்தின் நிர்வாகி எட்வின் கார்சைட் என்று கோர்ட் முடிவு கட்டியது.

சாட்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சொல்தான். மறுநாள் காலை, மகளைப் பறிகொடுத்த மிஸஸ் ஓல்ட்ராய்டின் வாசலில் எட்வின் தொப்பியைக் கழற்றி நின்று, "ஸாரி" என்றான். எழவு வீட்டில் இந்த ஊரில் எவனும் அதைத்தான் சொல்வான். அவள் அதைக் கோர்ட்டில் சொன்னாள். செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்றார் வக்கீல். ஜூரிகள் தலையாட்டினார்கள். சிறையில் இரண்டாம் குளிர்காலத்தில் எட்வின் செத்தான். அவனுடைய சவப்பெட்டி தெருவில் போனபோது மிஸஸ் ஓல்ட்ராய்ட் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். தெருவே திரும்பி நின்றது.

தேவாலயத்து வாசலில் ஜாப் ரஷ்வொர்த்துக்குக் கல் நின்றது. பிறருக்காக நெருப்பில் புகுந்தவன் என்று அதில் எழுத்து. ஞாயிறுதோறும் அந்தக் கல்லைக் கடக்கும்போது, ஊர் பார்க்கிறதே என்று, ஆம்ப்ரோஸ் கார்சைட் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஃபோன்டேன்தான் ஜாப்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் ஹெஸ்டர்.

"தோளை வச்சு. ஜாப் கடா மாதிரி இருப்பான். இவனும் அப்படித்தான். தாடி வளத்தா மூஞ்சி மாறும், தோள் மாறுமா? அது மட்டும் இல்ல. தீக்கு அப்புறம் அந்தக் கதவைச் செங்கல் வச்சு அடைச்சு வெள்ளையடிச்சுட்டோம். புதுசா வர்றவனுக்கு அது வெறும் சுவர். நேத்து மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ஃபோன்டேன் நேரா அங்க போய், கதவு இருந்த இடத்துலயே உள்ளங்கையை வச்சு நின்னான்."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"மொழிபெயர்ப்பாளன்தான். லெனார்ட்ஸோ என்னமோ பேரு. அவனையெல்லாம் ஒரு ஆளுன்னு கணக்குல சேக்க முடியுமா? குடைக்கம்பிக்குக் கண்ணாடி மாட்டின மாதிரி இருப்பான்."

ஹெஸ்டர் உதவியாளனைப் பார்த்தாள். "காலையில ஓட்டல்ல என்ன ஆச்சு, வில்ஃப்?"

"மூணு தடவை வலை போட்டேன் மேடம், மூணும் கிழிஞ்சுது," என்றான் வில்ஃப். "காலைச் சாப்பாட்டுக்கு வந்தப்ப பின்னாடி நின்னு, 'டேய் ஜாப்'னு கத்தினேன். மனுஷன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சர்வர் கிட்ட, 'அந்தத் தாடிக்காரர் தட்டு மீன்ல கரப்பான் இருக்கு'ன்னு உரக்கச் சொன்னேன். மீனைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாரு. பக்கத்து மேஜை அம்மாதான் எழுந்து போயிட்டாங்க. கடைசியா என்னோட பிரம்மாஸ்திரம். மேல்பள்ளத்தாக்குக்காரன் குளிக்கப்போன ஜோக்கைச் சொன்னேன். சிரிக்கல."

"உன் ஜோக்குக்குச் சிரிக்காம இருக்க இங்கிலீஷ் தெரியாதவனா இருக்கணும்னு அவசியம் இல்லை," என்றார் ஆம்ப்ரோஸ்.

"அப்படிச் சொல்லாதீங்க கண்ணு. அந்த ஒல்லி லெனார்ட்ஸ் கூட உதட்டைக் கடிச்சுக்கிட்டாரு. பாவம், முதலாளி எதிர்ல சிரிக்க முடியல."

"என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதே."

ஹீபர்டேலில் எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான். கரி வண்டிக்காரன் பாதிரியாரைக் கூட அப்படித்தான் கூப்பிடுவான். கார்சைட் குடும்பத்தை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடவும் விட்டதில்லை.

"சரிங்க ஐயா," என்று வில்ஃப் கெட்டிலை எடுக்கக் குனிந்தான். பின்னால் வைத்த காலின் குதிகால் ஆம்ப்ரோஸின் பூட்ஸ் மேல் முழு எடையோடு இறங்கியது.

"ஸாரி," என்றார் ஆம்ப்ரோஸ்.

"பரவால்லங்க," என்றான் வில்ஃப்.

ஹெஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தாள். "வில்ஃப். இன்னொரு தடவை மிதி."

"மேடம்?"

"வேண்டாம், ஒண்ணே போதும். மிஸ்டர் கார்சைட், அவன் உங்க காலை மிதிச்சான். நீங்க ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"

ஆம்ப்ரோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நானா? நான் எங்க கேட்டேன்?"

"அதுதான் விஷயம்," என்றாள் ஹெஸ்டர். "கேட்டது உங்களுக்கே தெரியல. என் வகுப்புல ஒரு லாட்வியாக்காரர் இருக்கார். பஸ்ல ஒருத்தர் காலை மிதிச்சுட்டாராம், மிதிபட்டவர் ஸாரி சொன்னாராம். அந்த ஆளுக்குப் புத்தி சரியில்லையான்னு என்கிட்ட கேட்டார். நான் அந்த ஒரு சொல்லுக்கே ரெண்டு வகுப்பு எடுத்தேன். வழி கேக்க ஸாரி. காது கேக்கலைன்னா ஸாரி. கூட்டத்துல நுழைய ஸாரி. இல்லைன்னு சொல்ல ஸாரி. எழவு வீட்டுல ஸாரி. நம்ம காலை எவனாவது மிதிச்சா அதுக்கும் நாமதான் ஸாரி."

"தப்பு செஞ்சவன் என்ன சொல்லுவான்?" என்றான் வில்ஃப்.

"அவன் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டான். 'வருந்துகிறோம்' என்பான். 'துரதிர்ஷ்டவசமானது' என்பான். கோட்டு போட்ட சொல்லா பாத்து எடுத்துப்பான்." அவள் ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினாள். "உங்க ஜாப் தன் பேருக்குக் காவல் போட்டிருப்பான். வலிக்கும் கோபத்துக்கும் காவல் போட்டிருப்பான். மரியாதைக்கு யாரும் காவல் போடறதில்ல. இன்னிக்கு நாலு மணிக்கு ஓட்டல்ல தேநீர் சாப்பிடறாங்க. ஃபோன்டேன் காலை மிதிச்சா, வெளிநாட்டுக்காரனா இருந்தா கத்துவான். இந்த ஊர்ல பொறந்தவனா இருந்தா, நெனைக்கறதுக்கு முன்னாடியே ஸாரி வந்துடும்."

"வந்தா?"

"கான்ஸ்டபிளைச் சாதாரண உடையில வரச் சொல்றேன்."

"கான்ஸ்டபிள் எதுக்கு? செத்த மாதிரி ஒளிஞ்சவன்தான் தாழ்ப்பாளைப் போட்டவன். ஆளை அடையாளம் காட்டுங்க, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"தடியை வண்டியிலயே வச்சுட்டு வாங்க, மிஸ்டர் கார்சைட்."

"இது இல்லாம என்னால நடக்க முடியாது," என்றார் ஆம்ப்ரோஸ். அன்று காலைதான் மில்லின் மூன்று மாடியையும் அவர் தடியில்லாமல் ஏறி இறங்கியிருந்தார்.

*

ஸ்டேஷன் ஓட்டலின் கூடத்தில் நாற்காலிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அலங்காரப் பனை வைத்த தொட்டிக்குப் பக்கத்தில் ஃபோன்டேன் ஒரு சோபா முழுவதையும் நிரப்பி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்புறம் ஒரு படி பின்தள்ளி, முதலாளி நிழலில் ஒதுங்கியவன் போல, ஒரு நாற்காலியில் லெனார்ட்ஸ். மூலை மேஜையில் கான்ஸ்டபிள் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி புதுக் கோட்டில் விறைத்துப்போய் ஒரு கேக்கோடு மல்லுக்கு நின்றார்.

ஆம்ப்ரோஸ் விறைப்பாகத் தலையை அசைத்தார். ஃபோன்டேன் எழுந்து, ஏதோ பிரெஞ்சில் சொல்லி, கையை நீட்டினார். ஆம்ப்ரோஸ் அந்தக் கையைப் பார்த்தார். கொழுத்த கை. இதுதானா தாழ்ப்பாளைப் போட்ட கை என்று நினைத்தார். தொடவில்லை.

"மொசியே தங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறார்," என்றான் லெனார்ட்ஸ். புத்தகத்திலிருந்து பிய்த்து எடுத்த ஆங்கிலம். "தூறலைப் பொருட்படுத்தாது தாங்கள் வந்தமைக்கு நன்றி நவில்கிறார். இந்த அம்மையார்?"

"குடும்ப நண்பர்," என்றாள் ஹெஸ்டர். "உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கே. இங்க எங்கயாவது இருந்தீங்களா?"

"இல்லை, அம்மையீர். நேற்று முன்தினம்தான் முதன்முறையாக இந்நாட்டில் காலடி வைத்தேன். பெல்ஜியத்தில் பாதிரிமார் பள்ளியில் கற்றது. பிழை இருப்பின் பொறுத்தருள்க."

"பிழையே இல்லை," என்றாள் ஹெஸ்டர்.

அடுப்பங்கரைக் கதவு திறந்தது. சர்வர் கோட்டு போட்ட வில்ஃப், தலைக்கு மேல் தட்டை ஏந்தி, நடனக்காரி மாதிரி நாற்காலிகளுக்கு நடுவே நெளிந்து வந்தான். சோபாவை நெருங்கியதும் கால் இடறியது. அதில் நடிப்பு கொஞ்சம் அதிகம் என்று ஆம்ப்ரோஸுக்குத் தோன்றியது. ஆனால் குதிகால் இறங்கிய இடத்தில் நடிப்பு இல்லை. ஃபோன்டேனின் கால் சுண்டுவிரல் மேல் அது இடிபோல விழுந்தது.

ஆம்ப்ரோஸ் முன்னால் சாய்ந்தார். இருபது வருடமாக இந்த ஒரு நொடிக்குத்தான் காத்திருந்தார் போல இருந்தது. தடியின் தலைப்பூணை விரல்கள் இறுக்கின. சொல்லுடா, சொல்லு.

ஃபோன்டேன் சோபாவோடு சேர்ந்து எழுந்தது போல எழுந்து அலறினார். பிறகு ஆரம்பித்தது பிரெஞ்சு. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், வில்ஃபின் மூக்குக்கு எதிரே விரலை ஆட்டி, அவன் அம்மாவையும் அப்பாவையும் அதற்கு முந்தியவர்களையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டு நிறுத்தி வைத மாதிரி இருந்தது. பக்கத்து மேஜைகளில் கரண்டிகள் ஓய்ந்தன.

"மொசியே சினம் கொண்டுள்ளார் என்பதைத் தெரிவிக்க வருந்துகிறேன்," என்றான் லெனார்ட்ஸ்.

"தெரிவிக்காமலே தெரிஞ்சுபோச்சு," என்றான் வில்ஃப்.

ஹெஸ்டர் ஆம்ப்ரோஸின் காதருகே குனிந்தாள். "இல்லைங்க. இந்த வசவு பின்னால கத்துக்கிட்டது இல்ல. அம்மா மடியிலேயே கேட்டு வளர்ந்தது. இவர் ஜாப் இல்ல."

ஆம்ப்ரோஸுக்குக் கூடம் ஒரு சுற்று சுற்றி நின்றது. தோள் ஏமாற்றிவிட்டது. சுவர் ஏமாற்றிவிட்டது. ஒரு அன்னியன் காலை மிதிக்க வைத்து, ஊர் பார்க்க, கார்சைட் குடும்பத்தின் கடைசி ஆள் கேலிப்பொருளாகிவிட்டார். நாளைக்குக் கையெழுத்து. அதற்குப் பிறகு மில் புகைபோக்கியில் கார்சைட் பெயர் இருக்காது. கல்லில் மட்டும் ஜாப் ரஷ்வொர்த் பெயர் இருக்கும். எட்வின் பெயர் எங்குமே இருக்காது.

இனி ஒரு நிமிடம் இங்கே நிற்கக்கூடாது. எழுந்தார். சோபாவுக்கும் பனைத் தொட்டிக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. காலடியில் ஏதோ மெத்தென்று அமுங்கியது.

"ஸாரி கண்ணு," என்றது ஒரு குரல்.

"ஸாரி," என்றார் அவரும். கதவை நோக்கி நடந்தார்.

"மிஸ்டர் கார்சைட், நில்லுங்க," என்றாள் ஹெஸ்டர்.

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை நிறுத்தியது. திரும்பினார். அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் கான்ஸ்டபிள் கேக்கை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இப்ப யாரு காலை மிதிச்சீங்க?"

"தெரியல. யாரோ..." ஆம்ப்ரோஸ் சந்தைப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

லெனார்ட்ஸ் மிதிபட்ட காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"என்ன சொன்னீங்க, மிஸ்டர் லெனார்ட்ஸ்?" என்றாள் ஹெஸ்டர்.

"ஸாரி என்றேன், அம்மையீர்." கண்ணாடியைச் சரிசெய்தான். "உலகறிந்த சொல். எங்கள் பள்ளியில் முதல் பாடமே அதுதான்."

"பாடத்துல இருக்கறது மிதிச்சவன் சொல்றது. மிதிபட்டவன் சொல்றது எந்தப் பாடத்துலயும் இல்ல. நான் ரெண்டு வகுப்பு எடுத்தும் என் லாட்வியாக்காரருக்கு இன்னும் அது வரல. போன வாரம் நானே மிதிச்சுப் பாத்தேன், திட்டினார். பேசும்போது நீங்க பொறுத்தருள்க என்பீங்க, வருந்துகிறேன் என்பீங்க. எல்லாம் கோட்டு போட்ட சொல். கால் வலிச்சப்ப வந்தது மட்டும் வெறும் உடம்போட வந்துது. போதாததுக்கு ஒரு கண்ணு வேற. அது எந்தப் பாதிரியார் சொல்லிக் குடுத்தார்?"

"தற்செயல். நேற்று முன்தினம் வந்தவன் நான். இங்கு காலடி வைத்ததே..."

"அந்தக் காலடியைத்தான் மிதிச்சோம்," என்றான் வில்ஃப். "மேல்பள்ளத்தாக்குக்காரன் ஜோக்குக்கு உதட்டைக் கடிச்சீங்களே. இங்கேர்ந்து நாலு மைல் தாண்டினா அந்த ஜோக் செத்துடும். பெல்ஜியம் வரைக்கும் எப்படி உயிரோட போச்சு?"

ஹெஸ்டர் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, ஃபோன்டேன் பக்கம் திரும்பி, சரளமான பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

அது வரை பேப்பர் போல வெளுத்திருந்த லெனார்ட்ஸ் பாய்ந்து எழுந்தான். "மொசியே சோர்வாக இருக்கிறார், எதுவானாலும் என் மூலம்..."

"உக்காருங்க," என்றார் கான்ஸ்டபிள். அவர் கை லெனார்ட்ஸின் தோளில் இருந்தது.

ஃபோன்டேன் வலித்த காலைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார். பாதியில் நிறுத்தி, தன் மொழிபெயர்ப்பாளனை ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக மிச்சத்தையும் சொன்னார்.

"சுவர்ல கை வைக்கச் சொன்னதே இந்த லெனார்ட்ஸ்தானாம்," என்றாள் ஹெஸ்டர். "'இதுக்குப் பின்னால ஒரு இரும்புக் கதவு இருக்கு, மில்லை வாங்கினதும் முதல் வேலையா இதை இடிச்சுத் தள்ளணும்'னு சொன்னாராம். பழைய கட்டடங்களைப் பத்தி இவருக்கு இவ்வளவு தெரியுதேன்னு மொசியே ஆச்சரியப்பட்டாராம். முதல்முறையா இந்த நாட்டுக்கு வந்தவர், மிஸ்டர் கார்சைட். வெள்ளையடிச்ச சுவருக்குள்ள கதவு இருக்குன்னு அவருக்கு யாரு சொன்னா?"

ஆம்ப்ரோஸ் திரும்பி வந்தார். லெனார்ட்ஸின் மூக்கிலிருந்து கண்ணாடியைத் தன் கையாலேயே எடுத்தார். கடா மாதிரி இருந்தவனை அந்தக் குடைக்கம்பிக்குள் தேடினார். கன்னம் போயிருந்தது, தோள் போயிருந்தது. கண் போகவில்லை. சம்பள நாளில் நேராகப் பார்க்காமல் ஒதுங்கும் அதே கண்.

"ஜாப்," என்றார்.

பாதிரிமார் பள்ளி ஒரே நொடியில் இடிந்து விழுந்தது. "ஐயா," என்றான் அவன், அச்சு அசல் ஹீபர்டேல் பேச்சில். "வேணும்னு செய்யலைங்க ஐயா. அன்னிக்கு ஊர்ல சந்தை. வேலை முடியறதுக்கு முன்னாடியே பொண்ணுங்க நழுவிடுவாங்கன்னு தாழ்ப்பாளைப் போட்டேன். சின்னவர் சொல்லலைங்க, நானாத்தான். ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வந்துடலாம்னு போனேன். திரும்பறப்ப புகை. கிட்டப் போனேன், சூடு தாங்கல. ஓடிட்டேன். அப்புறம் பேப்பர்ல பாத்தா நான் செத்துட்டேன்னு போட்டிருந்துது. கல் வேற வைக்கப்போறாங்கன்னு."

"என் தம்பி ஜெயில்ல இருக்கான்னு போட்டிருந்துதா?"

ஜாப் பார்வையை ஒதுக்கினான்.

"போட்டிருந்துதா?"

"போட்டிருந்துதுங்க."

தடி மேலே போனது. கூடத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம். வில்ஃப் நகரவில்லை. ஹெஸ்டர், "மிஸ்டர் கார்சைட்," என்று மட்டும் சொன்னாள்.

ஈயப் பூண் ஜாபின் நரைத்த மண்டைக்கு மேலே நின்றது. ஒரு அடி போதும். தாழிட்டவன் யாரென்று தெரியாமலே ஆம்ப்ரோஸ் இத்தனை வருடமும் அந்த அடியை அடித்துக்கொண்டேதான் தூங்கினார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. இவன் செத்தால் ஊர் பழையபடி அழும். கல்லில் இருக்கும் பொய் உண்மையாகிவிடும். இவன் மூச்சு விடும் வரைதான் அந்தக் கல் பொய்க்கல்.

தடியை இறக்கினார்.

"நீ நூறு வயசு இருக்கணும்டா," என்றார். "கான்ஸ்டபிள், ஸ்டேஷனுக்கு எந்த வழியா போவீங்க?"

"பாலத்து வழியாங்க ஐயா."

"தேவாலயத்து வழியா போங்க."

*

தூறல் விட்டிருந்தது. கடை மூடும் நேரம். மீன் கடை வாசலிலும் ரொட்டிக் கடை வாசலிலும் நின்றவர்கள், கான்ஸ்டபிள் ஒரு வெளிநாட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு போவதையும் பின்னால் கார்சைட் பெரியவர் தடியைத் தரையில் ஊன்றாமலே நடப்பதையும் பார்த்து, ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கல்லுக்கு முன்னால் ஒரு கிழவி குனிந்து வாடிய பூவை மாற்றிக்கொண்டிருந்தாள். மிஸஸ் ஓல்ட்ராய்ட். வாரம் தவறாமல் பூ வைப்பவள் அவள்தான்.

"படி," என்றார் ஆம்ப்ரோஸ்.

ஜாப் தலையைக் குனிந்தான்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி. உன் சொந்தப் பேச்சுல."

"பிறருக்காக..." என்று ஆரம்பித்தான். மறுபடி தொடங்கினான். "பிறருக்காக நெருப்பில் புகுந்த ஜாப் ரஷ்வொர்த்..."

பூவோடு குனிந்திருந்த கிழவியின் கை நின்றது. அவள் நிமிரவில்லை. அந்தக் குரல் தன் மகளை வேலைக்கு அதட்டிக் கூப்பிட்ட குரல். "இது ஜாபு," என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "இது ஜாபு. இவன் உயிரோட இருக்கான்."

"தாழ்ப்பாளைப் போட்டது யாரு? அதையும் சொல்லு," என்றார் ஆம்ப்ரோஸ்.

சொன்னான். கூட்டத்தில் யாரோ ஒரு ஆள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றப் போய், எதற்கென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ஸாரி," என்றான் ஜாப் ரஷ்வொர்த். அழுதான். "ஐயா, ஸாரிங்க."

"அதை ஓட்டல்லயே சொல்லிட்டியே," என்றார் ஆம்ப்ரோஸ். "உன் காலை மிதிச்ச என் பூட்ஸுக்குச் சொன்னே. மூணு பொண்ணுங்களுக்கும் என் தம்பிக்கும் அதே சொல்லுதானா? வேற பாத்து வை. நீதான் மொழிபெயர்ப்பாளனாச்சே."

கான்ஸ்டபிள் அவனை இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் வழிவிட்டது. சிலர் பின்னாலேயே போனார்கள். எட்வினின் பெட்டி போன நாளில் திரும்பி நின்றவர்கள்தான்.

மிஸஸ் ஓல்ட்ராய்ட் மட்டும் நின்றாள். கையில் இருந்த பூவை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு அடி எடுத்து ஆம்ப்ரோஸின் எதிரே வந்தாள்.

"மிஸ்டர் கார்சைட்," என்றாள். "ஸாரி."

வில்ஃப் ஹெஸ்டரைப் பார்த்தான். பெரியவர் இப்போது பரவாயில்லை என்பார் என்று இருவரும் காத்திருந்தார்கள். ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பதில். வேறு பதில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"உங்க வாசல்ல நின்னு என் தம்பியும் இதைத்தான் சொன்னான், அம்மா," என்றார் ஆம்ப்ரோஸ் கார்சைட். "நீங்க அதைக் கோர்ட்ல போய்ச் சொன்னீங்க."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆம்ப்ரோஸ் கல்லைப் பார்த்தார். பழக்கத்தில் கை தலைக்குப் போனது. தொப்பியின் விளிம்பைப் பிடித்தார். பிறகு அதைப் புருவம் வரைக்கும் இழுத்து அழுத்தமாக மாட்டிக்கொண்டு, கல்லைத் தாண்டி, மில்லைப் பார்த்து நடந்தார்.